குருவியின் அறையில் பூத்தவை

ஆர்க்கிட் செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. அதனால் அவசரப்பட்டு யாரையும் என் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். வேர் பச்சையாக இருந்தால் தண்ணீர் போதும் என்று அர்த்தம். வெள்ளி நிறத்துக்கு மாறினால் தாகம் என்று அர்த்தம். கூடத்தில் இருப்பவை இன்னும் சில நாள் தாங்கும். பின்னறையில் கம்பியில் தொங்குபவை வேறு ரகம். அவற்றுக்குத் தொட்டியும் கிடையாது, மண்ணும் கிடையாது, வேர் முழுக்கக் காற்றில்தான். அவை இந்நேரம் சுருங்க ஆரம்பித்திருக்கும். அந்த அறையை நீங்கள் பூட்டி முத்திரை வைத்துவிட்டதால் அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

நேற்றும் நான் முதலில் செடிகளைப் பற்றித்தான் கேட்டேன். உங்கள் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கூடப் பிறந்தவள் போய்ச் சேர்ந்திருக்கிறாள், இவள் செடியை விசாரிக்கிறாளே என்று நினைத்திருப்பார். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, மேடம். சந்தேகப்படுவது போலீஸ் வேலை. எனக்கும் அந்த வேலை தெரியும். என் வீட்டுக்குள்ளேயே கொஞ்ச காலம் அதைச் செய்திருக்கிறேன்.

நான் பல்செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள். மெழுகில் அச்செடுப்பது, பல் பதிப்பது, விளிம்பைத் தேய்த்து மெருகேற்றுவது, எல்லாம் நானே செய்வேன். செய்து முடித்ததைப் பல் மருத்துவமனைகளில் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான். அப்படிப் போன ஒரு இடத்தில், வரவேற்பு மேசையில் இருந்த பெண் ஒரு தொட்டியைக் குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். "பூவெல்லாம் கொட்டிடுச்சுக்கா. செத்துப்போச்சு" என்றாள். வேரைப் பார்த்தேன். கெட்டியாக, உயிரோடு இருந்தது. பூ உதிர்ந்ததும் அந்தச் செடி ஓய்வெடுக்கிறது, அவ்வளவுதான். பார்ப்பவர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். பல மாதம் சும்மா இருந்துவிட்டு, ஒருநாள் இலைக்கு அடியிலிருந்து ஒரு தண்டை நீட்டியது.

அதற்குப் பிறகு எல்லா மருத்துவமனைகளிலும் பூ உதிர்ந்த செடியை எனக்கென்று எடுத்துவைத்தார்கள். நானும் வாங்கினேன். ஜன்னல் விளிம்பு நிறைந்தது, சாப்பாட்டு மேசை நிறைந்தது. நான் அடுப்படியில் நின்றபடியே சாப்பிடப் பழகிக்கொண்டேன். சோபாவில் உட்கார யாரும் வருவதில்லை என்பதால் அதையும் அவற்றுக்கே கொடுத்தேன். இதெல்லாம் ஒரு பெண் தனியாக இருக்கும் வீட்டில் யாரையும் உறுத்தாது. லேபில் என்னை "தோட்டக்காரி" என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு அது பிடிக்கும்.

பின்னறை கடைசியாகத்தான் நிறைந்தது. அந்த வீட்டிலேயே நல்ல வெளிச்சம் அங்கேதான். கிழக்குப் பார்த்த ஜன்னல். காலை வெயில் மெல்லிசாக வந்து உச்சிவேளைக்கு முன்னால் போய்விடும். ஆர்க்கிட்டுக்கு அளந்து கட்டியது மாதிரி. அது என் தங்கையின் அறை. அவள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தாள். காலியாகக் கிடந்த அறை. கம்பி கட்டினேன், தட்டு வைத்தேன், காற்றில் ஈரம் குறையாமல் இருக்க ஆவி விடும் மெஷின் ஒன்று வாங்கினேன். பனி மெஷின் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். கதவைச் சாத்தினால் உள்ளே வேறு ஒரு தேசம். கம்பியில் தொங்கும் ரகங்கள் அங்கே வந்த பிறகுதான் என்னிடம் பூத்தன.

அப்பா அவளைக் குருவி என்றுதான் கூப்பிடுவார். ஒல்லியாக இருப்பாள், வாய் ஓயாது. வளர்ந்த பிறகு அந்த வாயே அவளுக்குச் சோறு போட்டது. ரயில் நிலையத்தில் எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது என்று சொல்லும் குரல் அவளுடையது. புகுந்த ஊரிலும் அதே வேலை; கல்யாணம் முறிந்து திரும்பியபோது இங்குள்ள நிலையத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தாள். சண்டை, சத்தம் எதுவும் இல்லை, இரண்டு பெட்டியோடு வந்து நின்றாள். வாசலில் இருந்து நேரே பின்னறைக்குப் போய்க் கதவைத் திறந்து, அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, இது என் ரூம்தானே?"

"உன் ரூம்தான். யாரு இல்லன்னாங்க?"

"அப்ப இதெல்லாம்?"

"அதுங்க பாட்டுக்கு ஓரமா இருக்கும். நீ கட்டில்ல படுக்கப்போற. அதுங்க கம்பில தொங்கப்போகுது. யாருக்கு யாரு இடைஞ்சல்?"

சிரித்தாள். "காட்டுக்குள்ள கட்டில் போட்ட மாதிரி இருக்கு" என்றாள். அன்று அவளுக்கு அது பிடித்திருந்தது. யார் எதைப் பறித்துக்கொண்டார்கள் என்று நீங்கள் கேட்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அவள் அறையைப் பறிக்கவில்லை. எல்லோரும் பகிர்ந்துகொண்டோம்.

அவள் வந்த கொஞ்ச நாளில் மொட்டுகள் உதிர ஆரம்பித்தன.

ஆர்க்கிட் மொட்டு விடுவதற்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் புரியும். காலையில் பச்சையாக இருந்தது சாயங்காலம் மஞ்சளாகி, தொட்டால் கையோடு வந்துவிடும். குளிர்காற்று பட்டால் அப்படி ஆகும். காற்று காய்ந்தாலும் ஆகும். முதலில் அவள் போட்டுக்கொள்ளும் சென்ட்டைச் சந்தேகப்பட்டேன். பிறகு மேசையில் வைக்கும் பழங்களை, கனியும் பழத்தின் வாயுவும் மொட்டை உதிர்க்கும் என்பதால். பிறகு அவளையே.

நேரடியாகக் கேட்டேன். "நான் வேலைக்குப் போனப்புறம் ஜன்னலைத் திறக்கறியா?"

"இல்லையே" என்றாள், தலை சீவிக்கொண்டே.

மறுநாள் காலை ஜன்னல் கொண்டியில் முகப் பவுடரைக் கொஞ்சம் தூவிவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது ஜன்னல் நான் சாத்தியது போலவே சாத்தியிருந்தது. பவுடரில் மட்டும் ஒரு விரல் பதிந்திருந்தது. இன்னொரு நாள் லேபில் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்து, தெரு முனையில் நின்று பார்த்தேன். பின்னறைத் திரைச்சீலை ஜன்னலுக்கு வெளியே பறந்துகொண்டிருந்தது. அவள் அதற்குப் பக்கத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, காற்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. சங்கடமாக இருந்தது. எங்களுக்குள் அவள் சொன்ன முதல் பொய் அது. நான் பொய் சொன்னது அதற்குப் பிறகுதான். எழுதுபவர் அந்த வரிசையைச் சரியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஜன்னலில் ஒரு திருகாணியை முடுக்கினேன். கொண்டி தேய்ந்துவிட்டது, காற்றடித்தால் கண்ணாடி உடைந்துவிடும் என்று சொன்னேன். அவள் ஜன்னலையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். அவளும் என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தது அன்றிலிருந்துதான் என்று தோன்றுகிறது. ஆனால் எதற்காகச் சந்தேகப்படவேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தத் தொந்தரவு பெரிய தொந்தரவு. அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

முதலில் வறட்டு இருமல் வந்தது. சாயங்காலத்தில் லேசாகக் காய்ச்சல். காலையில் எழுந்தால் மாடிப்படி ஏறியவள் மாதிரி மூச்சு வாங்குவாள். அவளே ஒருநாள் சொன்னாள்: "ஸ்டேஷனுக்குப் போனா நல்லாருக்குக்கா. வீட்டுக்கு வந்தாதான் பிடிச்சுக்குது. எனக்கு வீடு ஒத்துக்கல போல."

"வேலை மும்முரத்துல ஒன்னும் தெரியாது. வீட்டுக்கு வந்து உக்காந்தாத்தான் உடம்பு பேசும்" என்றேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அப்போது எனக்கும் ஒன்றும் தெரியாது.

ஒருநாள் அறிவிப்பின் நடுவில் அவளுக்குக் குரல் அறுந்துவிட்டது. வண்டியின் பெயரைச் சொன்னாள், மேடையைச் சொல்லவில்லை. கூட்டம் முழுவதும் தலையைத் தூக்கி ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றதாம். சிக்னல் அறையில் வேலை பார்ப்பவர் ஒருவர் ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். அவர்தான் ஆட்டோவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். உங்களிடம் புகார் கொடுத்த அதே மனிதர். வீட்டுக்குள் வந்ததும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். எனக்கு அவரை அப்போதே பிடிக்கவில்லை.

அவளுக்கு விடுப்பு கொடுத்துவிட்டு, முன்பே பதிவு செய்து வைத்திருந்த அவள் குரலையே நிலையத்தில் ஓட்டினார்கள். லேபுக்குப் போக நான் ரயில்தான் ஏறுவேன். மேடையில் நின்று அந்தக் குரலைக் கேட்பேன். தெளிவாக, யாருக்கும் கட்டுப்படாத குரல். வீட்டில் படுத்திருந்தவளிடம் அந்தக் குரல் இல்லை. வீட்டில் இருந்தவள் எனக்கு நெருக்கமாக இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரல் டாக்டர் வயதில் சின்னவர், ஆனால் கேள்வி கேட்கத் தெரிந்தவர்.

"வீட்ல பறவை ஏதாவது வளக்கறீங்களா? புறா, கிளி, கோழி?"

குருவி படுத்தபடியே, "நான்தான் டாக்டர் அந்த வீட்டுக் குருவி. வேற எதுவும் இல்ல" என்றாள். அவர் சிரித்தார். அவளும் சிரிக்கப் போய் இருமினாள். மூச்சை ஊதிப் பார்க்கும் பரிசோதனைக்கு அவளைத் தள்ளுவண்டியில் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"ஈரம் ஊறின சுவர் இருக்கா? பூஞ்சை? அழுக்கான ஏசி? ஆவி மெஷின் ஏதாவது?"

"சுவரையெல்லாம் நான் வாராவாரம் துடைக்கிறேன் டாக்டர். ஏசி கிடையாது."

"செடி?"

"பால்கனில ஒன்னு ரெண்டு இருக்கு."

சுவரைப் பற்றிச் சொன்னது உண்மை. ஏசியைப் பற்றிச் சொன்னதும் உண்மை. பால்கனியிலும் ஒன்றிரண்டு செடிகள் இருந்தன. அவர் கேஸ் தாளைப் புரட்டினார்.

"இங்க வந்ததும் தெளிஞ்சுடறாங்க. அப்ப வீட்ல ஏதோ இருக்குங்க. தேடுங்க. கண்டுபிடிச்சு எடுத்துட்டா பிழைச்சுக்குவாங்க. இல்லன்னா நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமா கெட்டியாகிடும். அப்புறம் நாம என்ன பண்ணினாலும் திரும்பாது."

வீட்டுக்குப் போனேன். அதிகம் தேடவேண்டியிருக்கவில்லை. பின்னறையில் ஒரு தொட்டியைக் கவிழ்த்தேன். ஆர்க்கிட்டுக்கு மண் போடமாட்டோம், மரப்பட்டைத் துண்டுகள்தான் போடுவோம். ஈரத்தில் கிடந்து அவை மட்கியிருந்தன. உடைத்ததும் சாம்பல் நிறத்தில் ஒரு தூசு எழுந்து வெயிலில் நின்றது. பனி மெஷினின் தண்ணீர்த் தொட்டிக்குள் விரலை விட்டால் வழவழவென்று ஒட்டியது. அப்போதுதான் கவனித்தேன், என் முகத்தில் மாஸ்க் இருந்தது. லேபில் பல்லைத் தேய்க்கும்போது தூசுக்காகப் போடுவோம். பட்டையைக் கையாளும்போதும், அந்த அறைக்குள் நுழையும்போதும், நான் எப்போதிலிருந்தோ அதைப் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கிய மாஸ்க்கை நீங்கள் பையில் போட்டு எடுத்துப் போனீர்கள். அது பழக்கம், மேடம். கை தானாகச் செய்வது.

ஆக, அன்றிலிருந்து எனக்குத் தெரியும். இதை எழுதிக்கொள்ளலாம்.

பிறகு ஏன் காலி செய்யவில்லை என்று கேட்பீர்கள். எங்கே வைப்பது? கூடத்தில் வெளிச்சம் கிடையாது. கம்பியில் தொங்குபவற்றை வெளியே எடுத்தால் வாரம் தாங்காது. அவற்றில் ஒன்று நீலத்தில் மொட்டு விட்டிருந்தது. அது பூத்து முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நியாயமான யோசனைதான். ஒரு செடி பூத்து முடிவதற்குள் அடுத்தது மொட்டு விடும் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் ஆக்சிஜன் மெஷினோடு வீட்டுக்கு வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். அந்த அறையில் ஒரே ஒரு ப்ளக்தான் உண்டு, பழைய வீடு. அதனால் ஆக்சிஜன் மெஷினும் பனி மெஷினும் மாறி மாறித்தான் ஓடவேண்டும். அவள் போனைக் கூடத்தில்தான் சார்ஜ் போடவேண்டும். சிக்னல்காரர் அவளைப் பார்க்க வந்தபோது ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல பொருள். கூடத்துச் செடிகளுக்கு விளக்குப் போட அது ரொம்ப உபயோகமாக இருந்தது.

அந்த மாதங்களைப் பற்றி நீங்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானாகவே சொல்கிறேன். என் வாழ்க்கையில் நான் நிம்மதியாக இருந்தது அப்போதுதான். லேபிலிருந்து ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வருவேன். அவள் காத்துக்கொண்டிருப்பாள். வாய் ஓயாமல் பேசியவள் ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசமாட்டாள். பேசுவதைச் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் அக்கா என்ற ஒரு சொல்லிலேயே தண்ணீர், தலையணை, ஜன்னல், பயம் எல்லாவற்றையும் சொல்லக் கற்றுக்கொண்டாள். எனக்கும் புரிந்தது. முதுகில் தலையணை வைத்து நிமிர்த்துவேன். முகம் துடைப்பேன். என் தோளில் சாய்ந்துகொள்வாள். சின்ன வயதில்கூட அவள் அப்படிச் சாய்ந்தது கிடையாது. அப்பாவின் மடியிலிருந்து இறங்க நேரமிருக்காது அவளுக்கு. எங்களைச் சுற்றி அந்த அறை பூத்துக்கொண்டிருந்தது. அந்த மாதிரிப் பூத்து நான் பார்த்ததில்லை.

நடுவில் ஒருமுறை பனி மெஷின் பழுதாகிவிட்டது. கடையில் கொடுத்தேன். பாகம் வரவேண்டும் என்று இழுத்தடித்தார்கள். அந்த இடைவெளியில் அறை காய்ந்தது. செடிகளின் வேர் வெளுத்தது. அவளோ தானாக எழுந்து உட்கார்ந்தாள். கூடம்வரை நடந்தாள். ஒருநாள் நான் வரும்போது அடுப்படியில் நின்று டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாக்கா, மூச்சு வாங்கல" என்றாள். குரலில் பழைய மணி கொஞ்சம் திரும்பியிருந்தது. பிறகு டம்ளரைப் பார்த்தபடியே சொன்னாள்: "உடம்பு தேறிட்டா நான் வேற இடம் பாத்துக்கலாம்னு இருக்கேன். அவரு கேட்டுட்டே இருக்காரு. உன்னையும் எத்தனை நாள்தான் படுத்தறது?"

அவர் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. "முதல்ல டீயைக் குடி, ஆறிடும்" என்றேன்.

மறுநாள் கடைக்குப் போய், பாகம் வரட்டும் என்று அவர்கள் சொன்னதைக் கேட்காமல் வேறு மெஷின் ஒன்றை வாங்கி வந்தேன். பழைய மெஷினின் தொட்டியைக் கடையில் கேட்டு வாங்கி வந்து அதில் பொருத்தினேன். அளவு சரியாக இருந்தது. தொட்டியைக் கழுவவில்லை. மட்கிய பட்டைத் துண்டுகளைத் தூக்கியெறிய மனமில்லாமல் ஒரு தட்டில் சேர்த்துவைத்திருந்தேன். அந்தத் தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அடியில் ஈரம் தங்கினால் வேருக்கு நல்லது. கட்டிலுக்கு மேலே இரண்டு செடிகள் தொங்கின, அவற்றுக்காக. நீங்கள் தலையை ஆட்டுகிறீர்கள். சரி. இரண்டு செடிகளுக்காக மட்டும் என்று நான் சொல்லவில்லை.

அவள் மறுபடி படுத்துக்கொண்டாள்.

சிக்னல்காரர் கடைசியாக வந்தபோது அறைக்குள் அதிக நேரம் நின்றார். கம்பியில் தொங்கியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஜன்னலைத் தள்ளிப் பார்த்தார், திருகாணியைத் தடவினார். குனிந்து கட்டிலுக்கு அடியிலும் பார்த்தார்.

"இந்த ரூம்ல ஏதோ நாத்தம் வருதுங்க" என்றார்.

"நோயாளி இருக்கற ரூம்ல அப்படித்தான் இருக்கும்."

"இது நோயாளி வாடை இல்ல. மழைல நனைஞ்ச கட்டை மாதிரி இருக்கு. டாக்டர் இதைப் பாத்தாரா? இவ்வளவு செடி இருக்குன்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

"எல்லாம் சொல்லியாச்சு" என்றேன்.

என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு அவளிடம் பேசினார். "நாளைக்குச் சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சதும் வண்டி எடுத்துட்டு வரேன். எங்க அக்கா வீட்ல ரெண்டு வாரம் இரு. அங்க எல்லாப் பக்கமும் ஜன்னல். டாக்டர்கிட்ட நானே பேசறேன். உனக்குச் சரியா?"

குருவி என்னைப் பார்க்கவில்லை. "சரி" என்றாள். கொஞ்சமும் தயங்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு பார்த்துக்கொண்டேன், ஒரு நொடியாவது என் பக்கம் திரும்பியிருக்கலாம்.

மறுநாள் நான் லேபுக்குப் போகவில்லை. அவள் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தேன். ஒரு கம்பளிச் சட்டையும் வைத்தேன், அந்த வீட்டில் எல்லாப் பக்கமும் ஜன்னல் என்கிறார்களே என்று. மதியம் சாப்பிட வைத்தேன். செடிகள் காலையிலிருந்து காய்ந்துகொண்டிருந்தன, ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருந்ததால். "கொஞ்ச நேரம் பனி மெஷின் போடறேன், நீ கண்ணை மூடிப் படு" என்றேன். "வேண்டாம்க்கா, இன்னிக்கு ஒரு நாள்" என்றாள். அவள் என்னிடம் வேண்டாம் என்று சொன்னது அதுதான் கடைசி. ப்ளக்கை மாற்றினேன். அவள் போனை எடுத்துக் கூடத்தில் சார்ஜ் போட்டேன். ஆவி வெளியே போகாமல் இருக்கக் கதவைச் சாத்தினேன். சாத்தினால் கதவு தானாகத் திறந்துகொள்ளும், மரம் உப்பியிருக்கிறது. அதனால் வெளித் தாழ்ப்பாளையும் போட்டேன். எப்போதும் போடுவதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை நேற்று உங்களிடம் சொன்னேன். பால்கனியில் ஒரு செடியை மாற்றி நட்டுக்கொண்டிருந்தேன், வேரைப் பிரித்து வெளியே எடுத்தாகிவிட்டது, பாதியில் விட்டால் காய்ந்துவிடும், அவள் கூப்பிட்டது தெருச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தபோது கட்டிலில் அசையாமல் கிடந்தாள் என்று. எழுதுபவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நீங்கள் "எந்தச் செடி?" என்று மட்டும் கேட்டீர்கள்.

இன்று காலை வந்ததும் நான்கு விஷயம் சொன்னீர்கள். பால்கனியில் இருந்த பட்டை மூட்டை பிரிக்கப்படவே இல்லை. அந்த வீட்டில் புதுப் பட்டையில் நட்ட செடி ஒன்றுகூட இல்லை. ஜன்னல் திருகாணியைச் சுற்றி மரத்தில் நகக் கீறல் இருக்கிறது. அவள் முழங்காலில் தரையின் ஈரமும் பட்டைத் தூளும் ஒட்டியிருக்கிறது. கட்டிலில் செத்தவளுக்கு அது எப்படி வந்தது. நீங்கள் கெட்டிக்காரர். என் லேபிலும் ஒரு அச்சைப் பார்த்தே கடித்தவர் எந்தப் பக்கம் மென்று சாப்பிடுவார் என்று சொல்லிவிடலாம்.

ஆகவே நேற்றுச் சொன்னதில் திருத்தம்.

அவளைக் கட்டிலில் தூக்கிப் படுக்கவைத்தது நான்தான். கதவுக்குப் பக்கத்தில்தான் கிடந்தாள். தலைமுடி ஈரமாகி முகத்தில் ஒட்டியிருந்தது, சீவி விட்டேன். ப்ளக்கை மறுபடி மாற்றி ஆக்சிஜன் மெஷினைப் போட்டேன். அது பாட்டுக்கு ஓடியது. சிக்னல்காரர் வந்து காலிங்பெல் அடித்தபோது நானே போய்க் கதவைத் திறந்து, தூங்குகிறாள் என்று சொன்னேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனார்.

செடி எதையும் நான் மாற்றி நடவில்லை. பால்கனிக்கே போகவில்லை. அவள் கூப்பிட்டது கேட்டது. நன்றாகவே கேட்டது. முதலில் சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள், தண்ணீர் கேட்பது போல. பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போயிருக்கிறாள், தொட்டிகள் விழுந்தன. பிறகு கதவுக்கு வந்தாள். தட்டினாள். தட்டுவதில் வலு இல்லை. தாழ்ப்பாள் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கையை அதன்மேல் வைத்திருந்தேன் என்றே நினைக்கிறேன். திறக்கவில்லை. திறந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள், சாயங்காலம் போயிருப்பாள். இரண்டும் எனக்குத் தெரியும்.

கடைசியில் தட்டுவதையும் விட்டுவிட்டு, கதவோடு வாயை வைத்துக் கேட்டாள்: "அக்கா, அங்கதான் இருக்கியா?"

"இங்கதான் இருக்கேன் குருவி" என்றேன்.

சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து, கதவுக்கு இந்தப் பக்கம் போட்டு, சத்தம் எல்லாம் அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.